கேட்டால்தான் சொல்வார்

கொக்கியில் சுமை இல்லாத நேரமெல்லாம் எங்கள் கிரேன் ஓட்டுநர் கேபின் கண்ணாடியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பார். கீழே நிற்கும் எங்களுக்கு, நாற்பது மீட்டர் உயரத்தில், கிரேன் கேபினுக்குள் ஒரு கை எழுவதும் தாழ்வதும் மட்டும் தெரியும். "மாடிக்காரர் இன்னைக்கு யார்கூடயோ சண்டை" என்பார்கள் கம்பி கட்டுகிறவர்கள்; தளத்தில் அவருக்கு அதுதான் பெயர். அது ஒத்திகை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வயது ஐம்பத்திரண்டு. மெலிந்த உடம்பு, இடது முழங்காலில் மட்டும் ஓயாத வீக்கம். வேலையில் அவசரமே கிடையாது. அவர் இறக்கி, சத்தமில்லாமல் முதுகுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்திருக்கும் கம்பிக் கட்டைத் திரும்பிப் பார்த்துத் திடுக்கிட்டவர்களில் நானும் ஒருவன்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், நோயில் படுத்திருந்த ஒரு வெல்டரைப் பார்க்கப் போயிருக்கிறார். வெல்டர் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ சர்ச்சுக்குப் போறவன். செத்தா என்னடா ஆகும்?" என்று கேட்டாராம். "எல்லாம் சரியாயிடும்ணே" என்று சொல்லிப் பழப்பையை மேசையில் வைத்துவிட்டு இவர் கிளம்பிவிட்டார். அடுத்த வாரம் வெல்டர் இல்லை.

"கேட்டவர்கிட்ட வாயில்லாம வந்துட்டேன் தம்பி. இன்னொருத்தர் கேட்டா அப்படி வர மாட்டேன்." பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து இதைச் சொன்னபோது அவர் குரலில் அழுகை இல்லை. வேலைக்குப் பேர் கொடுத்தவனின் உறுதி இருந்தது.

அன்றிலிருந்து பதில் தயாராகிறது. தேர்வாளர் அவர் மனைவி. ஒரு ஞாயிறு மாலை அவர்கள் வீட்டில் அதை நேரில் பார்த்தேன். அந்த அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். இவர் எதிரே நின்று, ஒப்பிக்க வந்த பையனைப் போல ஆரம்பித்தார். முதன்முதலில் எழுதியது இருபது நிமிடம் நீண்டதாம். "கேட்டவன் கடைசி பஸ்ஸையே விட்டிருப்பான்" என்று சிரித்தார் அந்த அம்மா. "அதுல 'உனக்குப் புரியாது'ன்னு எத்தனை தடவை சொன்னாரு தெரியுமா தம்பி? நாலு! இவருக்கு மட்டும் எல்லாம் புரிஞ்ச மாதிரி!" நாலையும் அடித்துவிட்டார். இப்போது மூன்று நிமிடம்.

"யாரும் கேக்கலன்னா? நீங்களே போய்ச் சொல்லலாமே?" என்றேன்.

"கேக்காதவங்க காதுல ஊத்தினா, கேக்க வர்றவனும் ஓடிருவான் தம்பி."

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். வேலை நேர்காணலுக்காக நாற்பது கேள்விகளுக்குப் பதில் மனப்பாடம் செய்தவன். எதை நம்பி வாழ்கிறாய் என்று அவற்றில் ஒன்றுகூடக் கேட்கவில்லை. யாராவது கேட்டால் என் வாயில் என்ன வரும் என்று பேருந்தில் பலமுறை யோசித்திருக்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை காலை, அவருடைய வாக்கி டாக்கி இருக்கைக்கும் தொடைக்கும் நடுவில் சிக்கி, பொத்தான் அழுந்திக்கொண்டது. கீழே எங்களிடம் இருந்த பத்துக் கருவிகளிலும் அவர் ஒத்திகைக் குரல். "எங்களுக்கு முதல்ல பொறந்த பையன் நாலு நாள்தான் இருந்தான். அவனை மறுபடி பாப்பேன். இயேசு கல்லறைல இருந்து எழுந்தாருன்னு நம்புறேன், அதனால சொல்றேன்..." அந்தக் குழந்தையைப் பற்றி எங்களில் யாருக்கும் தெரியாது. கம்பி வளைக்கும் சத்தம்கூட நின்றது.

பொத்தான் விடுபட்டதும் ஒருவன், "அண்ணே, ஆமென் சொல்லட்டுமா, பலகையை அனுப்பட்டுமா?" என்றான். சிரிப்பு வெடித்தது. மேலேயிருந்து, "எல்லாரும் மன்னிக்கணும். நீங்க கேக்காமலே காதுல போட்டுட்டேன். பலகையை அனுப்புப்பா" என்றது குரல்.

சிக்னல்காரர் மட்டும் சிரிக்கவில்லை. ஏழு ஆண்டுகளாகக் கீழே நின்று கைச்சைகையால் மாடிக்காரருக்கு வழி காட்டுகிறவர். மற்ற நாளாக இருந்தால் முதல் கிண்டல் அவருடையதாகத்தான் இருக்கும். போன மாதம் அவருடைய அம்மா இறந்தார். நாலாம் நாளே வேலைக்கு வந்துவிட்டார்.

சாப்பாட்டு நேரத்தில் அவர் வாக்கி டாக்கியை வாயருகே கொண்டுபோனார். "அண்ணே, காலைல சொன்னது... மனசைத் தேத்திக்கச் சொல்றதா, நெஜமாவே நம்புறீங்களா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான் மேலே பார்த்தேன். மூன்று நிமிடப் பதில் தயாராக இருந்தது. பொத்தானை அழுத்தினால் போதும்.

"இதுல வேணாம்ப்பா. இரு, வர்றேன்."

காலையில் ஏறினால் மாலைதான் இறங்குகிறவர். ஒவ்வொரு படியிலும் இடது காலை நீட்டி வைத்து, வலது காலை அதன் பக்கத்தில் சேர்த்து இறங்கினார். பதினைந்து நிமிடம். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சிக்னல்காரர் உட்கார்ந்திருந்த பலகையில் இடம் பார்த்து உட்கார்ந்தார்.

"நெஜமாத்தான் நம்புறேன். சில நாள் கஷ்டமா இருக்கும். அன்னைக்கும் விடுறதில்ல. எப்படி நடக்கும்னு கேட்டா எனக்குத் தெரியாது." மூச்சு வாங்கினார். இன்னும் நிறைய இருந்தது. ஒத்திகையில் நானே கேட்டிருக்கிறேன். அவர் அதைச் சொல்லவில்லை. "உங்க அம்மாவைப் பத்திச் சொல்லு. நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்ல."

சிக்னல்காரர் முதலில் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பிறகு பேசத் தொடங்கினார். கடைசி நாளில் அம்மா தண்ணீர் கேட்டதும், தான் போனில் இருந்ததும் வெளியே வந்தன. சாப்பாட்டு நேரம் முடிந்ததற்கான சங்கு ஊதியது. காங்கிரீட் வண்டி உள்ளே வந்து நின்றது.

"அண்ணே, வண்டி வந்தாச்சு! மேல ஏறுங்க!" என்று சூப்பர்வைசர் கத்தினார்.

மாடிக்காரர் திரும்பவில்லை. கண்களைச் சிக்னல்காரரின் முகத்தைவிட்டு எடுக்காமல், வலது கையை மட்டும் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கையைத் தரை பார்க்க வைத்தார். வேலைத்தளத்தில் எல்லோருக்கும் தெரிந்த சைகை: அப்படியே நிறுத்து. வண்டியின் உருளை சுற்றிக்கொண்டே இருந்தது. அந்தக் கை இறங்கவில்லை.