பைக்குள் கிடந்த கட்டிப்பால்

தொண்ணூறுகளில் புலாவ் செபாங்கிலிருந்து செங் ஊரிலுள்ள தொழிற்சாலைக்குப் போகும் பஸ்ஸில், எனக்குப் பக்கத்து சீட்டில் ஓர் அண்ணன் உட்காருவார். தலை முழு வழுக்கை. ஆனாலும் சட்டைப்பையில் சீப்பு இருக்கும். பள்ளிக்கூடக் கதை சொன்னால் ‘நான்’ என்றே சொல்ல மாட்டார். கேட்கிறவனைக் கதைக்குள் இறக்கிவிட்டு, தான் வெளியே நின்றுகொள்வார்.

“எஸ்டேட் ஸ்கூலு. நீ மூணாவது படிக்கிறே. பையைத் தொறந்தா உள்ள கட்டிப்பாலு. ரப்பர் பாலு உறைஞ்சு நாறுமே, அதுதான். கிளாஸே மூக்கைப் பொத்திக்கிது. வாத்தியாரு உன்னை வெளிய உக்கார வைக்கிறாரு.”

வாரத்துக்கு இரண்டு முறையாவது அவர் கதையில் நான் வெளியே உட்கார்ந்தேன். ஒருநாள் என் சாப்பாட்டுப் பையை முகர்ந்துகூடப் பார்த்தேன். பின்சீட்டு அக்காக்கள் சிரித்தார்கள். சின்ன வயதில் மனிதர் என்ன பாடு பட்டிருப்பார் என்று எனக்கு இரக்கமாகவும் இருந்தது.

“யாருண்ணே அதைப் போட்டது?” என்று கேட்டேன். அவன் கையில் கிடைத்தால் விடுவதில்லை என்ற கோபம் எனக்கு.

அவர் சீப்பை எடுத்தார். எடுத்த வேகத்திலேயே திரும்ப வைத்தார்.

“நான்தான்லா.”

செங் வந்தது. இறங்கும்போது என் தோளைத் தொட்டு, “நீ கடைசி வரைக்கும் வாத்தியார்கிட்ட என்னைக் காட்டிக் குடுக்கவே இல்ல,” என்றார்.

“பரவால்லண்ணே,” என்று சொல்லிவிட்டேன். நிஜமாக வெளியே உட்கார்ந்த அந்தப் பையன் அப்படிச் சொல்லியிருப்பானா என்றுதான் இன்னும் யோசிக்கிறேன்.