நூலை வெட்டுகிறவள்

மோர்ட்டாவின் கத்தரிக்கோல் முழங்கை நீளம் இருக்கும். மோர்ட்டா அவளுடைய சொந்தப் பெயரல்ல. நோபல் பார்க் புறநகரில் நாங்கள் திரைச்சீலை தைத்த தொழிற்சாலையில் துணி வெட்டிய இத்தாலியக் கிழவி அவள். ரோமர்களுக்கு விதித் தெய்வங்கள் மூன்று பெண்கள் என்று அவள்தான் சொன்னாள். நோனா உயிர் நூலை நூற்பாள், தெசிமா அளப்பாள், மோர்ட்டா வெட்டுவாள். தேவர்களின் அரசன் யூப்பிட்டர் வந்து கெஞ்சினாலும் வெட்டிய நூல் வெட்டியதுதானாம். பிள்ளை பிறந்து ஒரு கிழமை முடிகிற நாளில், விதி எழுதும் தெய்வத்தை வீட்டுக்கு அழைத்துக் கும்பிடுவார்களாம்.

அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டவர் அண்ணை மட்டும்தான். ஊரிலிருந்து படகில் தப்பி வந்தவர், எனக்குப் பக்கத்து மெஷினில் தைத்தவர். "பாத்தியே தங்கச்சி, வெள்ளைக்காரனுக்கும் தலையெழுத்து இருக்கு" என்றார். கிழவிக்கு மோர்ட்டா என்று பெயர் வைத்ததும் அவர்தான். அவள் கத்தரிக்கோலை எடுத்தால், "அன்ரி, என்ரை நூலிலை கை வைச்சிடாதேங்கோ" என்பார். தமிழ் விளங்காமலே அவள் சிரிப்பாள்.

அவருடைய அகதி விண்ணப்பத்தை நிராகரித்தார்கள். மேன்முறையீட்டுக்குக் கொஞ்ச நாள்தான் தவணை. சட்டத்தரணி உடனே வரச் சொன்னார். அண்ணை போகவில்லை. ஊர்ச் சாத்திரியாரிடம் போனில் கேட்டாராம். அட்டமத்துச் சனி, அது மாறும்வரை வழக்கில் கை வைக்காதே என்றாராம் அந்த ஆள்.

"உங்களுக்கென்ன விசரே? தவணை முடிஞ்சுபோம்!"

"எழுதினபடிதான் நடக்கும். நீ சும்மா துள்ளாதை."

விஷயத்தைக் கிழவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அவருடைய கையைப் பிடித்து இழுத்து, அதெல்லாம் பழங்கதை, இன்றைக்கே போ என்று கத்தினாள். அவர் தலையை ஆட்டிவிட்டுக் கதிரையில் இருந்து தைத்தார். சனி மாறியபின் போனார். தவணை கடந்துவிட்டது, ஏற்க முடியாது என்றார்கள். பிறகு தடுப்பு முகாம்.

விதி என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்கு வெறி வரும். அந்த ரோமாபுரிப் பெண்களுக்காவது பெயரும் கையும் இருந்தன. அண்ணையை நிராகரித்தவனின் முகம்கூட எங்களுக்குத் தெரியாது. ஆனால் அவனை எதிர்த்து முறையிட ஒரு வழி இருந்தது. அதை அடைத்தது தெய்வமல்ல, போனில் பேசிய சாத்திரி.

ஊருக்குத் திருப்பி அனுப்ப விமானத்தில் ஏற்றுவதற்கு முன் போய்ப் பார்த்தேன். "சனி விலகிட்டுது தங்கச்சி, இனி நல்ல காலம்தான்" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய்வரை வந்த கெட்ட வார்த்தையை விழுங்கிவிட்டு, "ஓம் அண்ணை" என்றேன்.

ஊரில் இறங்கிய உடனே பிடித்துக்கொண்டு போனார்கள். எப்போது விடுவார்கள் என்று அவருடைய மனைவி இன்னமும் அதே சாத்திரியாரிடம்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.