வெள்ளம் வருது என்றார்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு மாசி மாதத்தில், முத்துப்பேட்டையில், கடல்நீர் வந்து போகும் லகூனில் நடந்தது இது. யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. எழுதும்போது எதிரில் ஆள் இல்லை என்பதால் தைரியம் வருகிறது.

எங்கள் ஊர் திருவாரூருக்குத் தெற்கே, நாலு பக்கமும் வயல். என் கணவர் முப்பது வருடத்துக்கு மேல் சரக்குக் கப்பல்களில் எஞ்சின் ரூமில் வேலை பார்த்தவர். நான் பத்தாவது வரை படித்துவிட்டு, நிலத்தையும் மகளையும் பார்த்துக்கொண்டு ஊரிலேயே இருந்தேன். அவர் ஓய்வு பெற்று வந்ததும் செய்த முதல் காரியம், பழைய சின்ன ஃபைபர் படகு ஒன்றை வாங்கி அதில் பாய்மரம் பொருத்தியதுதான்.

"உலகத்துக் கடலெல்லாம் பார்த்தாச்சு, இன்னும் என்னங்க கடல்?" என்றேன்.

"எங்க பார்த்தேன்? எஞ்சினத்தான் பார்த்தேன். கடலு மேல இருந்துச்சு, நான் கீழ இருந்தேன்" என்றார்.

அதனால் படகில் மோட்டாரே கூடாது என்று பிடிவாதம். மகள் போனில் சண்டை போட்டும் கேட்கவில்லை. லகூனுக்குள் இருக்கும் திட்டுகளைச் சுற்றிப் பழகிவிட்டு, பிறகு கரையோரமாகவே ஊர் ஊராகத் தங்கித் தங்கி தெற்கே போகலாம் என்பது அவர் திட்டம்.

ஒன்று சொல்ல வேண்டும். எஞ்சின் சத்தத்தில் அவருக்குக் காது பாதி போய்விட்டது. எனக்கோ வெளி ஆட்களிடம் வாய் வராது. கடையில் கூட வேண்டியதை விரலால் காட்டி வாங்கி வருகிறவள் நான். யாராவது சொல்வது புரியாவிட்டாலும் தலையை ஆட்டிவிடுவேன். "கேக்காதவனுக்கும் பேசாதவளுக்கும் நல்லா முடிச்சு வச்சாங்க" என்று அவரே கேலி செய்வார்.

அன்று நாங்கள் போனது நாலாவது பயணம். வனத்துறையில் அனுமதி வாங்கிக்கொண்டு காலையில் கிளம்பினோம். முகத்துவாரம் வரை போய், ஒரு திட்டோரம் சாப்பிட்டுவிட்டு, மதியம் கடல்காற்று எழும்பியதும் அதிலேயே திரும்புவது என்று ஏற்பாடு. புளிச்சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டியிருந்தேன்.

பதினொரு மணி வாக்கில் காற்று விழுந்துவிட்டது. படகு மெல்ல நகர்ந்து, அடியில் யாரோ கை வைத்துப் பிடித்ததுபோல் நின்றது. தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. எங்களைச் சுற்றிச் சேறு பளபளவென்று தெரிய ஆரம்பித்தது. இவர் கழியை ஊன்றித் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. "இருக்கட்டும், ஒண்ணும் அவசரமில்ல" என்று திரும்பிய நேரம், எங்கிருந்தோ ஒரு காற்று பாயை அடித்தது. பாயின் அடியில் இருக்கும் கட்டை சுழன்று வந்து அவர் பொட்டில் மோதியது. சத்தமே போடாமல் படகுக்குள் சாய்ந்தார்.

நெற்றியோரம் கிழிந்து ரத்தம் வழிந்தது. முந்தானையைக் கிழித்து இறுக்கிக் கட்டினேன். கண்ணைத் திறந்தார், என்னைப் பார்த்தார், மறுபடி மூடிக்கொண்டார். "என்னங்க, என்னங்க" என்று காதோரம் சொன்னேன். முனகினார், பேசவில்லை. போனை எடுத்தால் சிக்னல் இல்லை.

தூரத்தில் ஒரு வள்ளத்தில் ஒருவர் வலை எடுத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. நான் துண்டை எடுத்து வீசினேன். அவர் பார்த்தார். சேற்றில் மாட்டிய படகு அவருக்குப் புதிதில்லை போலிருக்கிறது. படகுக்குள் ஒருவர் அடிபட்டுக் கிடப்பது அங்கிருந்து தெரிந்திருக்காது. வாயருகே கைகளைக் குவித்துக் கத்தினார்.

"வெள்ளம் வருது... எறங்..."

மீதியைக் காற்று எடுத்துப் போய்விட்டது. "என்ன சொன்னீங்க?" என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாம். படகில் அடிபட்டுக் கிடக்கிறார் என்று சொல்லியிருக்கலாம். நான் தலையை ஆட்டினேன். அவரும் கையைக் காட்டிவிட்டு வலைக்குத் திரும்பிவிட்டார்.

எங்கள் ஊரில் வெள்ளம் வருது என்றால் ஒரே அர்த்தம்தான். கல்யாணமான புதிதில் ஆற்றுக்கரை உடைந்து ஊருக்குள் தண்ணீர் வந்தது. கட்டி வைத்ததெல்லாம் மிஞ்சியது, கட்டாமல் விட்டதெல்லாம் போனது. அது மட்டும்தான் அப்போது என் மூளையில் ஓடியது. மேலே எங்கோ தண்ணீரைத் திறந்துவிட்டார்கள், அது வந்து இவரைப் படகோடு கடலுக்கு அடித்துக்கொண்டு போகப் போகிறது. இருபது முப்பது அடியில் ஒரு திட்டு, அதில் அலையாத்தி மரங்கள். படகை அதில் கட்டிவிட வேண்டும். இறங்கச் சொல்கிறார், இறங்கு.

படகின் முன்கயிற்றின் நுனியை இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டு சேற்றில் இறங்கினேன். எனக்குப் பயமே இல்லை. விவரம் தெரிந்த நாளிலிருந்து சேற்றில் நின்று நாற்று நட்டவள். முதல் பத்தடி வயல் மாதிரியேதான் இருந்தது, முழங்கால் வரை. வயல் சேற்றில் எவ்வளவு புதைந்தாலும் அடியில் கெட்டித் தரை இருக்கும், கால் அதைத் தேடிக்கொள்ளும். இங்கேயும் என் கால் தேடியது. தொடை வரை போய்த் தேடியது. தரை இல்லை. ஒரு காலை உருவினால் மற்ற கால் இன்னும் இறங்கியது. இடுப்பு வரை போனதும் அசைவதை நிறுத்தினேன்.

அப்போதுதான் தண்ணீர் ஏறுவதைக் கவனித்தேன். சத்தமில்லாமல், நுரையில்லாமல், முகத்துவாரம் இருந்த பக்கத்திலிருந்து வந்தது. கடல்காற்றும் எழும்பியது. தண்ணீர் வயிற்றுக்கு மேல் வந்தபோது எனக்குப் பின்னால் படகு மிதந்தது. இறக்காமல் விட்ட பாயில் காற்று நிறைந்து, படகு என்னைத் தாண்டி நகர்ந்தது. இடுப்புக் கயிறு வெடுக்கென்று இறுகியது. மூச்சு நின்றுவிட்டது.

முடிச்சு தண்ணீருக்கடியில் கைக்கு எட்டும்படிதான் இருந்தது. அவிழ்த்தால் எனக்கு மூச்சு வரும், இவர் நினைவில்லாமல் தனியாகப் போய்விடுவார். அவிழ்க்காவிட்டால் கயிறு என்னை அறுக்கும், தண்ணீரும் ஏறும். முடிச்சின்மேல் கையை வைத்தேன். அவிழ்க்கவில்லை. இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு கத்தினேன்.

"அண்ணே!"

என் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று எனக்கே தெரியாது. மறுபடி மறுபடி கத்தினேன். தண்ணீர் நெஞ்சுக்கு வந்திருந்தது. வலையை அப்படியே போட்டுவிட்டு அவர் கழியூன்றி வருவதைப் பார்த்தேன்.

நேராக எங்கள் படகைப் பிடித்து, பாயை இறக்கினார். உள்ளே எட்டிப் பார்த்ததும் முகம் மாறியது. "உசுரு இருக்கும்மா, பயப்படாதீங்க" என்றபடியே வள்ளத்தை என் பக்கம் திருப்பினார்.

"காலத் தூக்காதீங்க. மல்லாக்கச் சாஞ்சு தண்ணில படுங்க. தலைய நான் புடிச்சுக்குறேன். கால மட்டும் லேசா ஆட்டிக்கிட்டே இருங்க."

படுத்தேன். சேறு கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. வள்ளத்தில் ஏறி விழுந்தேன்.

"எறங்காதீங்கன்னுதானம்மா கத்துனேன். ஏன் எறங்குனீங்க?"

"வெள்ளம் வருதுன்னீங்களே அண்ணே."

"ஆமா. வெள்ளம் வந்தா படகு தானா மெதந்துரும், சும்மா குந்தியிருங்கன்னேன்." என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "நெல்லு வெளையிற ஊரா?"

தலையை ஆட்டினேன்.

"அதான். நாங்க வெள்ளம் எப்ப வரும்னு காத்துக் கெடப்போம். நீங்க அதக் கேட்டா ஓடுவீங்க. கடல் ஏறுனா எங்களுக்கு அது வெள்ளம்மா."

எங்கள் படகைத் தன் வள்ளத்தோடு கட்டி இழுத்துக்கொண்டு கரை சேர்த்தார். வலையை நினைத்து நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "அது எங்க போவுது, மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார். வண்டி பிடித்து ஏற்றிவிட்டதும் அவர்தான்.

இவருக்கு நெற்றியில் ஐந்து தையல். சாயந்தரம் நன்றாக நினைவு வந்து, நடந்ததைக் கேட்டுச் சிரிக்கப் போய், தையல் வலித்து நிறுத்திக்கொண்டார். "கடல் ஏறி எறங்குறத முப்பது வருஷம் டைடு டைடுன்னே சொல்லிட்டேன். அதுக்குத் தமிழ் எனக்கும் தெரியாதே" என்றார். பிறகு என் இடுப்பில் கன்றிப்போன கயிற்றுத் தடத்தைப் பார்த்தார். அதற்கப்புறம் சிரிக்கவில்லை. "அவுத்து விட்ருக்கலாம்ல" என்று மெதுவாகக் கேட்டார். அவர் காதில் விழாத அளவுக்கு ஏதோ பதில் சொன்னேன்.

இப்போதும் போகிறோம். படகில் ஒரு சின்ன மோட்டார் இருக்கிறது, நான் வைக்கச் சொன்னது. கூச்சம் என்னை விட்டுப் போய்விடவில்லை. ஆனால் மருந்துக்கடையிலோ பேருந்திலோ யாராவது சொல்வது புரியாமல் தலை தானாக ஆட ஆரம்பிக்கும்போது, இடுப்பில் அந்தக் கயிறு ஒரு முறை இறுகும். உடனே தலையை நிறுத்திவிட்டு, "என்ன சொன்னீங்க, இன்னொரு தடவ சொல்லுங்க" என்று கேட்டுவிடுகிறேன்.