பதினாறாம் இதழைப் பிரித்த லீமன்

யாருமே படிக்காமல் ஒட்டி வைத்த பத்திரிகை புதையலா, வெறும் காகிதமா? இரண்டு வருடத்துக்கு முன் யாராவது கேட்டிருந்தால் நான் திருதிருவென்று விழித்திருப்பேன். பள்ளிப் பேருந்துகளைப் பழுதுபார்க்கும் லீமன் டாக்கெட்டுக்கு மட்டும் அதில் சந்தேகமே இருந்ததில்லை.

அமெரிக்காவின் டென்னசியில், எங்கள் ஊரான கார்வர்ஸ் பெண்டில், உள்நாட்டுப் போரைப் பற்றிய பழைய பத்திரிகைகளைச் சேர்ப்பவர்கள் எட்டுப் பேர். லீமன் ஒருவர்தான் கறுப்பர். 1960களில் சில வருடம் வந்து நின்றுபோன ‘முரசும் குளம்பும்’ என்றால் எட்டுப் பேருக்கும் உயிர். நல்ல பிரதி கிடைத்தால் பிளாஸ்டிக் உறையில் போட்டு, காற்றுப் புகாமல் ஒட்டி, மூலையில் தர எண் பதித்துவிடுவார்கள். அதன்பின் அதைப் பிரிப்பது பாவம். பிரித்தால் மதிப்பு போச்சு.

லீமன் பிரிப்பார். கிரீஸ் படிந்த விரல்களைத் தேய்த்துக் கழுவிவிட்டு, வாசகர் கடிதங்களையும் பூட்ஸ் விளம்பரத்தையும்கூட விடாமல் படிப்பார். பென்சிலால் கோடு போடுவார். லீமன் கைக்குப் போன இதழ் அம்மை கண்ட பிள்ளை மாதிரி என்று மற்றவர்கள் கேலி பேசுவார்கள். அவர் மனைவி வெர்நெல்லோ, அந்த வீட்டில் பத்திரிகைகள்தான் குடியிருக்கின்றன, தான் விருந்தாளி என்பாள்.

அவர் படித்ததற்குக் காரணம் இருந்தது. அவருடைய கொள்ளுத்தாத்தாவின் அப்பா ஸ்குவையர், அடிமையாக இருந்த பண்ணையிலிருந்து ஓடிப்போய், அந்தப் போரில் கறுப்பினப் படையில் சேர்ந்தவர். படைப் பதிவேட்டில் அவர் பெயர் ஸ்குவையர் பீல். பீல் என்பது அவரை விலைக்கு வாங்கிய எசமானின் பெயர். குடும்பம் டாக்கெட் ஆனது எப்படி என்று எழுத்தில் எங்கும் இல்லை. பதினேழாம் இதழின் கடிதப் பக்கத்தில் மட்டும் ஒரு வரி: “ஸ்குவையர் டாக்கெட்டின் பெயர் பற்றி முந்தைய இதழில் எழுதியவருக்கு நன்றி.”

முந்தைய இதழ் பதினாறு. அச்சகத்தில் வெள்ளம் புகுந்து அதில் பெரும்பகுதி அழிந்துபோயிருந்தது. பத்தொன்பது வருடம் தேடியும், எந்த நூலகத்திலும் லீமனுக்கு அது கிடைக்கவில்லை.

போன வருடம் நீதிமன்றத்து முற்றத்தில் கறுப்பின வீரர்களுக்குக் கல் நாட்ட முடிவானது. பொறிக்க வேண்டிய இருபத்தொரு பெயர்களில் ஒன்று ஸ்குவையர் பீல். அதை டாக்கெட் என்று மாற்றச் சொல்லி லீமன் போய்க் கேட்டார். குழுத் தலைவி மிஸ் அர்தீலியா அவருடைய தேவாலயத்துக்காரிதான், ஆனாலும் வளைந்து கொடுக்கவில்லை.

“லீமன், உன் பேச்சை நான் நம்புறேன். கல்லு நம்பாது. அச்சுல ஒரு வரி கொண்டா. திங்கக்கிழமை உளி வைக்கிறாங்க.”

சனிக்கிழமை ஊர்க் காவல்படையின் கொட்டகையில் பழைய பத்திரிகைச் சந்தை. வெளியூர்ச் சேகரிப்பாளர் ராய்ஸ் புரூயிட்டின் மேசையில், ஒட்டிய உறைக்குள், இதுவரை அவர் வெளியே காட்டாத பதினாறாம் இதழ் உட்கார்ந்திருந்தது. லீமன் நேரே அவரிடம் போனார். கடிதப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தருவதாகக் கெஞ்சினார்.

“முப்பது வருஷமா நானே திறந்ததில்லப்பா. உனக்காகத் திறப்பேனா? வேணும்னா உன் முதல் இதழக் கொடு, மாத்திக்கலாம்.”

முதல் இதழ்தான் லீமனின் மகுடம். நடுவில் மடித்து வைத்த போர் வரைபடம் கிழியாமல் இருந்த பிரதி. அவர் கோடு போடாத ஒரே பிரதி. சந்தைதோறும் காட்டுவதற்காகக் கொண்டுவருவார். லீமன் வண்டிக்குப் போய், அதை எடுத்து வந்து ராய்ஸின் கையில் வைத்தார். பதினாறை வாங்கினார். அங்கேயே, அதே மேசையில், பேனாக்கத்தியை விரித்து உறையை நீளமாகக் கிழித்தார்.

சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டிருந்த ஒருவர் மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

“அட கிறுக்கா,” என்றார் ராய்ஸ், மெதுவாக.

லீமன் பக்கங்களைப் புரட்டினார். நாற்பத்தாறாம் பக்கம். ஒரு சார்ஜென்டின் மகள், தன் அப்பாவின் நாட்குறிப்பிலிருந்து எடுத்து எழுதியிருந்தாள். லீமன் வாய்விட்டுப் படித்தார்:

“படையிலிருந்து விடுவித்த நாளன்று ஸ்குவையர் எழுத்தர் முன் நிமிர்ந்து நின்று, நான் இனி பீல் இல்லை, டாக்கெட் என் அப்பாவின் பெயர், அதை எழுது என்றான். எழுத்தர் சிரித்தார், எழுதவில்லை. நான் எழுதி வைக்கிறேன்.”

ராய்ஸ் இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். லீமன் படித்தார். ராய்ஸ் தன் மேசையில் அடுக்கியிருந்த உறைகளைப் பார்த்தார்.

“இப்படி இன்னும் நாப்பது வச்சிருக்கேன். ஒண்ணுலயும் என்ன இருக்குன்னு தெரியாது,” என்றவர் கையை நீட்டினார். “அந்தக் கத்தியக் கொஞ்சம் கொடு.”

திங்கட்கிழமை காலை, கல்தச்சர் உளியைத் தொடுமுன் இதழ் மிஸ் அர்தீலியாவின் மடியில் இருந்தது. அவர் இரண்டு கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் படித்தார். பட்டியலில் ஒரு சொல்லை அடித்து, மேலே இன்னொன்றை எழுதினார். கல் திறந்த அன்று டாக்கெட் குடும்பத்தார் அறுபத்திரண்டு பேர் மூன்று மாநிலங்களிலிருந்து வந்தார்கள். வெர்நெல் வரிசையாக எல்லோருடைய விரலையும் பிடித்து அந்தப் பெயரின் மேல் ஓட்டினாள். “விருந்தாளியா இருந்ததுக்கு இப்பத்தான் பலன்,” என்று புருஷனைப் பார்த்துச் சொன்னாள்.

அந்த இதழுக்கு இன்று சந்தையில் மதிப்பே இல்லை. நாற்பத்தாறாம் பக்கத்தில் பென்சில் கோடு வேறு.

உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது பழைய பத்திரிகைகளைப் பிரிக்காமல் பூட்டி வைத்திருந்தால், லீமன் கதையை அவரிடம் சொல்லுங்கள். யாருடைய தாத்தாவின் பெயர் உள்ளே காத்திருக்கிறதோ, யாருக்குத் தெரியும்.