தேய்க்காத குரோம்

படப்பை வீட்டு வாசலில் என் கணவர் காரின் குரோம் சக்கரங்களை உப்புத்தாளால் தேய்க்கிறார். கறுப்பு அடிக்கப் போகிறாராம். "நல்லா தேய்ச்சாதான் பெயிண்ட் நிக்கும்" என்கிறார். எனக்குத் தெரியும்.

அப்போது எனக்குப் பத்து வயது. அப்பா ஒரகடம் கம்பெனிக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றும் வேன் ஓட்டினார். ஒரு விடியற்காலையில் சைக்கிளில் போன ஒருவரை இடித்துவிட்டு, நிற்காமல் வந்துவிட்டார். அடிபட்டவரின் அண்ணன், "பளபளன்னு சக்கரம் வெச்ச வேனு" என்று ஊர் ஊராக விசாரித்துக்கொண்டிருந்தார்.

அப்பா வேனைக் கொல்லைப்பக்கம் நிறுத்தி, சக்கரத்துக் குரோம் மேலேயே கறுப்பு ஸ்ப்ரே அடித்தார். அன்றைக்குச் சோற்றில்கூடத் தின்னர் நெடி.

"தேய்க்காம அடிக்கிறியேய்யா, உரிஞ்சிக்காதா?" என்றாள் அம்மா.

"தேய்ச்சா பக்கத்து வூட்டுக்குச் சத்தம் கேக்கும். கம்முனு இரு."

மழை பெய்ததும் பெயிண்ட் செதில் செதிலாக உரிந்தது. அப்பா மழையைத் திட்டிக்கொண்டே மறுபடி மறுபடி அடித்தார். உரித்தது மழை மட்டுமல்ல. தினமும் பள்ளிக்குப் போகும்முன் நானும் நகத்தால் கொஞ்சம் உரித்துவிட்டுப் போனேன். அந்த அண்ணன் எங்கள் தெருவுக்கு வரவே இல்லை.

கணவர் அடித்து முடித்துவிட்டார். "காயற வரைக்கும் தொடாத" என்கிறார். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்கிறேன்.