ஏழாம் நம்பர் பஸ் நின்ற இடங்கள்

கல்லூரிப் பேருந்து ஓட்டுநர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை கண், ரத்த அழுத்தம், ரத்தச் சர்க்கரை மூன்றையும் பரிசோதிக்க வேண்டும் என்பது எங்கள் போக்குவரத்துப் பிரிவின் விதி. அதைத் தட்டச்சு செய்து சுவரில் ஒட்டியவன் நான். கண்ணை மட்டும் சோதித்தோம். மற்ற இரண்டுக்கும் நிர்வாகத்தின் ஒப்புதல் வரவேண்டியிருந்தது.

மாரப்பன் மேட்டுப்பாளையத்திலிருந்து சரவணம்பட்டிக்கு ஏழாம் நம்பர் பஸ் ஓட்டினார். திடீரென்று வண்டி தினமும் தாமதமாக வர ஆரம்பித்தது. வழியெல்லாம் பெட்ரோல் பங்க்குகளில் நிறுத்தி இறங்குகிறார் என்று மாணவர்கள் புகார் கொடுத்தார்கள். மேலாளர் அவரைக் கூப்பிட்டார்.

"பெட்ரோல் பங்க்குல டீசல் ஊத்தத்தானுங்க நிறுத்துவாங்க. நீங்க எதுக்குங்க நிறுத்தறீங்க?"

"அவசரமுங்க சார். ராத்திரியும் நாலஞ்சு வாட்டி எந்திரிக்கறனுங்க. தாகத்துல நாக்கு ஒட்டுதுங்க."

"அப்பத் தண்ணியக் கொறைங்க."

அனுமதியின்றி வண்டியை நிறுத்தியதற்கு மெமோவும் கொடுத்தார். மாரப்பன் தண்ணீர் பாட்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார். வண்டி நேரத்துக்கு வந்தது. அடுத்த மீட்டிங்கில் மேலாளர் அவரைப் பாராட்டினார்.

சர்க்கரைப் பரிசோதனைக்கு ஒப்புதல் கேட்டு நான் நிர்வாகத்துக்கு எழுதினேன். வெளியே லேப்பில் ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்று அவரிடமும் சொன்னேன்.

"வேண்டாமுங்க. சக்கரைன்னு தெரிஞ்சா ஸ்டீயரிங்கப் புடுங்கிருவாங்க. புள்ள இங்க ஸ்டாஃப் சலுகைலதானுங்க படிக்குது. எம்பட வேல போனா அதும் போயிருமுங்க."

ஒருநாள் காலையில், பஸ்ஸிலிருந்து இறங்கியவரின் வலது காலில் செருப்பு இல்லை.

"ஏனுங்கண்ணா, ஒத்தச் செருப்ப ஊட்லயே உட்டுப்போட்டு வந்துட்டீங்களா?" என்று மற்ற டிரைவர்கள் சிரித்தார்கள். அவரும் குனிந்து பார்த்துச் சிரித்தார். செருப்பு ஆக்சிலரேட்டர் அருகே கிடந்தது. கழன்றது அவருக்குத் தெரியவில்லை. எஞ்சின் சூட்டில் கொதித்த தகரத்தில் வெறுங்காலை வைத்தே ஓட்டி வந்திருக்கிறார். பாதம் முழுக்கக் கொப்புளம்.

"வலியே இல்லீங்க," என்றார் நிம்மதியாக. எனக்கு அந்த நிம்மதிதான் பயம் தந்தது.

அவர் மகளை வகுப்பிலிருந்து வரவழைத்தேன். "ஒண்ணுமில்ல அம்மணி, நீ கிளாசுக்குப் போ" என்று அனுப்பிவிட்டார். புண்ணில் மஞ்சளை அப்பிக்கொண்டு மறுநாளும் வண்டி எடுத்தார். பாதம் கறுத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

இப்போது அலுவலகங்களில் மெமோ தட்டச்சு செய்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். தீராத தாகம், ஓயாமல் சிறுநீர், மரத்துப்போன பாதம் இவையெல்லாம் ஒழுங்கீனம் அல்ல. ஒரு துளி ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நிர்வாகத்தின் பதிலும் வந்தது. பரிசோதனைக்கு ஒப்புதல் அளிக்கப்படுகிறது, சம்பந்தப்பட்ட ஓட்டுநர் பணி உடையில், காலணியுடன் நேரில் வரவேண்டும் என்றிருந்தது. வெளியே ஏழாம் நம்பர் பஸ்ஸுக்கு மாலை போட்டு, புது டிரைவர் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார். ஆயுத பூஜையன்று கல்லூரி விடுமுறை என்பதால் முந்தின நாளே பூஜை.