பிள்ளைகளைக் குத்திப் பார்க்க எந்தக் குத்தூசி?

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். வாராவாரம் கேட்கிறேன்தான்... இந்த வாரத்துக்கும் ஒன்று வேண்டியிருக்கிறது. நான் படித்தது நாலாவது வகுப்பு வரை. எழுத்து கோணல். ஆரம்பித்த வாக்கியம் எங்கே போய் முடியும் என்று எனக்கே தெரியாது; பாதியில் மறந்தும் போகும். நீங்கள் பொறுத்துக்கொண்டு படிக்கிறீர்கள் என்ற தைரியத்தில்தான் பேனாவை எடுக்கிறேன். நேரில் என்றால் நாலு பேர் முன்னால் வாய் திறக்க மாட்டேன்.

போன வாரம் எங்கள் கரையான்சாவடி அரிசி மில்லில் ஒரு பரீட்சை நடந்தது. பரீட்சைக்கு உட்கார்ந்தவர்களுக்கு மூன்று வயது, நாலு வயது. பரீட்சை வைத்தவர் மில் முதலாளி.

சிரிக்காதீர்கள். அவர் நிஜமாகத்தான் வைத்தார்.

விஷயம் இதுதான். மில்லில் நெல் அவிப்பது, களத்தில் காயவைப்பது, புடைப்பது எல்லாம் பெண்கள். செம்பரம்பாக்கம் ஏரிப் பாசனத்து நெல் வண்டி வண்டியாக வந்து இறங்கும். கைக்குழந்தை என்றால் தூளியில் போட்டுவிடலாம். நடக்கிற பிள்ளையை எங்கே போடுவது? களத்து ஓரம் நெல் ஊறுகிற தொட்டி. அதற்கப்பால் கொதிக்கிற அண்டா. உள்ளே போனால் இஞ்சின் பெல்ட். அதனால் பிள்ளையின் இடுப்பில் ஒரு புடவைக் கிழிசலைக் கட்டி, மறு நுனியை வேப்பமரத்தில் முடிந்துவிட்டு வேலைக்குப் போவார்கள்.

நெல் அவிக்கிற கன்னியம்மாவின் மகள் பொன்னி ஒரு வருஷம் அப்படித்தான் வளர்ந்தாள். மரத்தைச் சுற்றிச் சுற்றி வருவாள். துணி தீர்ந்ததும் அழுவாள். யாராவது எதிர்ப்பக்கமாகச் சுற்றிவிட்டால் சிரிப்பாள்.

மிஷன் பள்ளிக்கூடத்தில் ட்ரெயினிங் முடித்த கிருபை டீச்சர் ஒருநாள் அந்த வழியாகப் போனவர் இதைப் பார்த்துவிட்டார். ஜில்லா போர்டு பள்ளியில் இத்தனை சின்னப் பிள்ளைகளைச் சேர்க்க மாட்டார்கள். "இந்த வயசுலதானே பிள்ளைக்குப் புத்தி ஓட்டம்?" என்று கேட்டுக்கொண்டு அவர் நேரே முதலாளியிடம் போனார். எனக்கு அவர் தைரியத்தைப் பார்த்துப் பொறாமை.

முதலாளி உமி கொட்டுகிற கொட்டகையைக் கொடுத்தார். மில் பெண்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடித் தரை மெழுகினார்கள். செங்கல் சூளைக்காரர் விளையாடக் களிமண்ணும் மணலும் அனுப்பினார். மளிகைக்கடை ரங்கநாதம் தினம் பொட்டுக்கடலையும் வெல்லமும் கொடுத்தார். என் வீடு மில்லுக்குப் பின்னாலேயே இருப்பதால் எனக்கும் ஒரு உத்தியோகம் கிடைத்தது — மூக்குத் துடைப்பது. சம்பளம் கிடையாது. ஆனால் வேலைக்குக் குறைவே கிடையாது.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. புது நெல் வருகிற நாள் நெருங்கியது. உமி கொட்ட இடம் வேண்டாமா?

"கொட்டாய் வேணும், டீச்சரம்மா," என்றார் முதலாளி. "பசங்க உருப்படியா எதுனா கத்துக்கினு கீதுங்கன்னா, நான் உமிய வேற எங்கனா கொட்டிக்கிறேன். இல்லாங்காட்டி இன்னாத்துக்கு? நானே வந்து தரம் பாக்கறேன்."

"தரமா?"

"ஆமா. சரக்குன்னா தரம் இல்லியா?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அரிசி வியாபாரத்தில் தரம் பார்க்கக் குத்தூசி என்று ஒன்று உண்டு. மூட்டையைப் பிரிக்காமல் உள்ளே குத்தினால் ஒரு கை அரிசி வந்து விழும். மூட்டையின் மேலே, நடுவே, அடியில் என்று மூன்று இடத்தில் குத்திப் பார்ப்பது வழக்கம். வாழ்நாள் முழுக்க அப்படியே பார்த்த மனுஷர், பிள்ளைகளை மட்டும் வேறு எப்படிப் பார்ப்பார்?

வெள்ளிக்கிழமை காலை வந்துவிட்டார். கூடவே ரங்கநாதம். நான் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். நெல் கிண்டுகிற துடுப்பும் கையுமாகக் கன்னியம்மா வாசலில் நின்றாள். வேலையை விட்டு ஏன் வந்தாய் என்று முதலாளி பார்த்தார். அவள் போகவில்லை.

பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என்று முதலாளி விரலை நீட்டினார். மேல், நடு, அடி... மூட்டையேதான்.

முன்னால் இருந்தவன் சூளைக்கார வீட்டுப் பையன் முருகேசன்.

"ரெண்டும் மூணும் எத்தினி?"

"எது ரெண்டு?" என்றான் முருகேசன்.

"எதுவோ ரெண்டுடா."

"காட்டு. காட்டினா சொல்றேன்."

காட்டுவதற்கு முதலாளியிடம் ஒன்றுமில்லை. நடுவில் இருந்த பெண்ணிடம் போனார். அவள் அவர் மீசையைப் பார்த்தாள், அழ ஆரம்பித்தாள். எனக்கு உத்தியோகம் வந்துவிட்டது, ஓடிப்போய் மூக்கைத் துடைத்துவிட்டு மறுபடி தூணுக்குப் பின்னால் வந்தேன். கடைசி ஆள் பொன்னி. உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள்.

"பொட்டுக்கடலை துன்னுட்டுத் தூங்கறதுக்கா பள்ளிக்கூடம்?" என்றார் ரங்கநாதம். "இத்த ஊட்லயே செய்யலாமே."

"இவங்களுக்கு நான் வாய்ப்பாடு சொல்லித் தரலைங்க," என்றார் டீச்சர். "பார்க்கறதுக்கும் பேசறதுக்கும் பழக்கறேன். விளையாட விட்டாத்தான் அது வரும்."

"வெளயாட்டுக்கு ஒரு கொட்டாயா?" முதலாளி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "திங்கக்கெழமையில இருந்து உமி இங்கயே கொட்டட்டும்."

வாசலிலிருந்து கன்னியம்மா சொன்னாள்: "சரி மொதலாளி. பழையபடி மரத்துலயே கட்டிடறேன். இப்ப வளந்துட்டா பாருங்க, துணிதான் கொஞ்சம் நீளமா வேணும்."

அழவில்லை, கெஞ்சவில்லை. நெல் பதம் சொல்கிற குரலில்தான் சொன்னாள். முதலாளி வேறு பக்கம் பார்த்தார். எனக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது... வாய் வந்தால்தானே?

டீச்சர்தான் கையைத் தட்டினார். "நேரமாச்சு. கடையைத் திறங்க." தினம் அந்த நேரத்துக்குக் கடை விளையாட்டு. பெரியவர்கள் வந்திருக்கிறார்கள் என்பதற்காக அதை நிறுத்துவானேன் என்று நினைத்தாரோ என்னவோ.

பொன்னி கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தாள். அன்றைக்கு அவள் முறை — மளிகைக்கடை. மணலைக் குவித்தாள், அதன் முன்னால் சம்மணம் போட்டாள், கொட்டாங்கச்சியை எடுத்தாள். கொட்டாங்கச்சிதான் அரிசி அளக்கிற படி. அழுத பெண் அரிசி வாங்க வந்தாள்.

பொன்னி கொட்டாங்கச்சியைப் பிடித்தாள். கட்டைவிரல் முழுசாக உள்ளே இருந்தது.

"வெரலை எடு," என்றாள் வாங்க வந்தவள்.

"வெரல் இல்லாம படிய எப்பிடிம்மா புடிக்கறது?" என்று பொன்னி தலையை ஒரு பக்கம் சாய்த்து, இல்லாத மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளினாள். "வேணும்னா வாங்கிக்க. இல்ல, பூந்தமல்லிக்கு நடந்து போ."

மூக்குக்கண்ணாடி யாருடையது, பேச்சு யாருடையது என்று அந்தக் கொட்டகையில் தெரியாதவர் யார்? ரங்கநாதம் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார்.

"இன்னாய்யா ரங்கநாதம், வெரலும் சேத்துத்தான் அளக்கறியா?"

சிரித்தது முடிவதற்குள் முருகேசன் வந்தான். அவன் மில் முதலாளி. இடுப்பில் கை, கையில் பப்பாளித் தண்டு — உள்ளே ஓட்டையாக இருக்குமே, அதுதான் குத்தூசி. பின்னால் ஒரு பையன் கோணிப்பையில் மணல் நிரப்பிக்கொண்டிருந்தான்.

"டேய், உள்ளார நொய்யைப் போடு," என்றான் முருகேசன். "நல்லத சுத்தியும் போடு. குத்தூசி எட்டற வரிக்கும் இருந்தா போதும். ரங்கநாதத்துக்கு அனுப்பற மூட்ட."

முதலாளியின் சிரிப்பு பாதியில் நின்றது.

ரங்கநாதம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "மொதலாளி... அப்பிடியா சேதி? எட்டற வரிக்கும் தானா?"

"பசங்க வெளயாட்டுய்யா. அத்தப் போயி..."

"வெளயாட்டுதான். ஆனா நொய்யி எனக்குத்தானே வந்துகினு கீது?"

வாசலில் கன்னியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் தூணைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். சிரிப்பில் விழுந்துவிடுவேன் போலிருந்தது.

டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. "கணக்கு இன்னும் வரலைங்க," என்றார் பணிவாக. "பார்த்ததைப் பார்த்தபடி சொல்றது வந்துடுச்சு."

முதலாளி பப்பாளித் தண்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் டீச்சரிடம் மெதுவாக, ஆனால் தூணுக்குப் பின்னால் கேட்கிற மாதிரி சொன்னார்: "டீச்சரம்மா, இந்தப் பசங்கள வெளிய மரத்துல கட்டிப்போட்டா மில்லு பூராவும் இதுங்க கண்ணுலதான் கீது. உள்ளயே வெச்சிக்கோங்க. உமிய நான் ரோட்டுல கொட்டினாலும் கொட்டிக்கிறேன்."

ரங்கநாதம் மறுநாளிலிருந்து பொட்டுக்கடலையோடு வேர்க்கடலையும் சேர்த்து அனுப்புகிறார். கூடவே ஒரு சின்ன விண்ணப்பமும்: பிள்ளைகள் தினம் மளிகைக்கடையே வைக்க வேண்டுமா? ஜவுளிக்கடை வைத்தால் ஆகாதா?

"வைக்கலாங்க," என்றார் டீச்சர். "ஜவுளிக்கடைக்காரரும் பிள்ளைகளுக்கு ஏதோ செய்யணும்னு சொல்லிக்கிட்டிருக்கார். முழக்கோலோட ஒரு நாள் வரச்சொல்றேன்."

சின்னப் பிள்ளைகளுக்கு என்ன கற்றுத் தரலாம் என்று நாம் கூடிக் கூடிப் பேசுகிறோம். அவர்கள் அதற்குள் நம்மைப் படித்து முடித்துவிடுகிறார்கள். பிள்ளைப் பள்ளிக்கு வியாபாரிகள் கொடுப்பதை ஊரில் தர்மம் என்கிறார்கள். எனக்கென்னவோ அது அவர்களுக்குப் பந்தோபஸ்து என்றுதான் தோன்றுகிறது.

கன்னியம்மா இப்போது காலையில் பொன்னியைக் கொட்டகை வாசலில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் அண்டாவுக்குப் போகிறாள்.

பட்டாபிராம் பக்கத்து மில் ஒன்றிலும் இதுபோலத் தொடங்கப்போவதாகக் கேள்வி. நிஜமா என்று அந்தப் பக்கத்தவர் யாராவது விசாரித்து எழுதுங்கள். நான் எழுதியதில் கிழமையோ பேரோ தப்பாக இருந்தால் கிருபை டீச்சரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

படி விஷயத்தில் மட்டும் சந்தேகம் வந்தால், பொன்னியைக் கேளுங்கள்.